இடப்பக்கக் கதவின் பிடி

வண்டன்மேடு
11 ஜூன் 2024

எஸ்.பி. ரப்பர்ஸ், கஞ்சிக்கோடு
உரிமையாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரில் பழைய கார் சாமான் விற்கும் கடையில் உங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனியில் நின்றுபோன உருப்படியையும் பழையதைப் பார்த்து அப்படியே வார்த்துத் தருவீர்கள் என்றார்கள்.

என்னிடம் 1972 மாடல் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தும் பிடி நான்கில் ஒன்றுதான் மிச்சம். பின் கதவில் இருந்த அதைக் கழற்றி மாதிரிக்கு இத்துடன் வைத்திருக்கிறேன். ரப்பர் வெடித்து உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை தெரிகிறது. முனைகளில் வரும் குரோம் மூடியில் ஒன்று காணவில்லை. மன்னிக்கவும்.

முன்னால் இடப்பக்கக் கதவில் பிடி போய் ரொம்ப நாள் ஆயிற்று. திருகு உட்காரும் துளையே பெரிதாகிவிட்டது. கதவின் உள் அட்டை ஈரத்தில் ஊறி உப்பிக்கிடக்கிறது. அதற்கும் ஏதாவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.

நான்கு பிடி வேண்டும். அவசரம் இல்லை. ஆனால் ஒரு ஆள் முழு பலத்தோடு இழுத்தாலும் கையோடு வந்துவிடக் கூடாது. இதை முக்கியமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது, போன் சரியாக எடுப்பதில்லை. எனக்கும் காது மந்தம். எழுதினால் போதும்.

இப்படிக்கு,
கா. ஈஸ்வரன், டிரைவர்


கஞ்சிக்கோடு
28 ஜூன் 2024

ஈஸ்வரன் அவர்களுக்கு,

பார்சல் 15ஆம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணமில்லை.

நீங்கள் 'ஐயா' போட்டு எழுதியிருக்கும் உரிமையாளர் நான்தான். எஸ் என்றால் சுருளியம்மாள். பி என்றால் பாண்டீஸ்வரன். கவர் மேல் இருந்த எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிரிக்காமல் இரண்டு நாள் மிஷின் மேல் வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் அந்த வண்டியின் இடப்பக்கக் கதவு வழியாக விழுந்து செத்து, வருகிற அக்டோபரோடு ஒன்பது வருஷம். அந்தப் பிடியை மாற்றுங்கள் என்று உங்களிடம் எத்தனை தடவை சொன்னேன்? என் முந்தானை அந்தத் திருகில் மாட்டிக் கிழிந்த அன்றைக்கும் சொன்னேன். "கம்பி கட்டியிருக்கேன்ல தாயி, அது போதும்" என்றீர்கள். இப்போது, ஒன்பது வருஷம் கழித்து, முழு பலத்தோடு இழுத்தாலும் வரக்கூடாத பிடி வேண்டுமென்று முன்பின் தெரியாத ஒரு கடைக்கு எழுதுகிறீர்கள்.

அந்த வண்டியை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்பதே எனக்குத் தெரியாது. ஓட்டுகிறீர்களா? அந்தப் பக்கம் யாரை உட்கார வைக்கிறீர்கள்?

பின் கதவு இரண்டுக்கும் டிரைவர் கதவுக்கும் மூன்று பிடி செய்து அனுப்புகிறேன். யார் கேட்டிருந்தாலும் செய்வேன். முன் இடப்பக்கக் கதவுக்கு என் கையால் செய்ய மாட்டேன்.

என் எண்ணை யாரிடமாவது வாங்கிக் கூப்பிடாதீர்கள்.

சுருளியம்மாள்


வண்டன்மேடு
9 ஜூலை 2024

தாயி சுருளி,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறெப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

சத்தியமாக அது நீ என்று எனக்குத் தெரியாது. முப்பதாம் நாள் முடிந்து நீ பையோடு கிளம்பியபோது கோயம்புத்தூர்ப் பக்கம் போகிறாய் என்று மட்டும்தான் சொன்னார்கள். உன் கடிதத்தை ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்று படித்தேன். கூட இருந்தவர்கள் "என்ன அண்ணே, கெட்ட செய்தியா" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நீ உயிரோடு, ஒரு தொழிலோடு இருக்கிறாய். அது எப்படிக் கெட்ட செய்தி ஆகும்?

வண்டியை நான் ஓட்டுவதில்லை. போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. வாரம் ஒருதடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவேன். என் பக்கத்துக் கதவு வழியாக மட்டும்தான் ஏறி இறங்குவேன்.

நான் வேலை பார்த்த எஸ்டேட் கைமாறிவிட்டது. அந்த ஷெட்டை இடிக்கப் போகிறார்கள். நானும் வருஷக் கடைசியில் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். குமுளியில் ஹோம்ஸ்டே நடத்தும் ஜின்சன் வண்டியைக் கேட்கிறான். "ஈஸ்வரண்ணே, சும்மா நிக்கிற வண்டியல்லே, எங்கிட்ட வந்தா கெஸ்ட்ட ஏத்திட்டு டவுனுக்குள்ள ஓடும்" என்கிறான். நல்ல பையன்தான்.

எடைக்குப் போடலாம் என்றும் நினைத்தேன். போட்டால் அந்தக் கதவை மட்டும் எவனாவது கழற்றி வேறொரு வண்டியில் மாட்டுவான். ஜின்சனிடம் இப்படியே கொடுத்தாலும் யாரோ ஒரு ஆள் அந்தப் பக்கம் உட்காரத்தான் போகிறான். சரி செய்யாமல் அந்தக் கதவு என் கையை விட்டுப் போகக்கூடாது. இவ்வளவுதான் காரணம்.

நாலாவது பிடியை நீ செய்ய வேண்டாம். கடையில் பிளாஸ்டிக்கில் ஒன்று காட்டினார்கள். இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன், வளைந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேறு எங்காவது தேடிப் பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஈஸ்வரன்


கஞ்சிக்கோடு
3 ஆகஸ்ட் 2024

ஈஸ்வரன் அவர்களுக்கு,

மூன்று பிடியும் வார்த்தாகிவிட்டது. மூடிகளுக்குக் குரோம் போடக் கோயம்புத்தூருக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் இங்கே வந்தபோது ரப்பர் கம்பெனி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலைதான் கிடைத்தது. பக்கத்தில் பீகார்ப் பெண்கள் நாலு பேர் ஒரு அறையில் இருந்தார்கள். அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவர்களுக்குப் புரியாது. அது வசதியாகத்தான் இருந்தது. ஒருநாள் சூப்பர்வைசர் தன் பழைய காரின் கதவுப் பிடியைக் கொண்டுவந்து குப்பையில் போட்டார். அதை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அச்சு எடுக்கவும் வார்க்கவும் அதை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் காலை ஷிப்ட் கம்பெனியில், மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குப் பின்னால் என் சொந்த ஷெட்டில். ஒவ்வொரு பிடியையும் உத்தரத்தில் மாட்டி ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, ஒரு பகல் முழுக்கப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன்.

துளைக்கு வழி கேட்டீர்கள். பெரிய திருகாகப் போட்டு முடுக்காதீர்கள். அதுதான் எல்லோரும் செய்வது. கதவின் உள் தகட்டுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புப் பட்டை வைத்து, அதில் இரண்டு நட்டை வெல்டு செய்து, பட்டையைத் தகட்டோடு ரிவெட் அடியுங்கள். திருகு அந்த நட்டில் இறங்கட்டும். அட்டையைப் புதிதாக வெட்டி, இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ரெக்சின் ஒட்டுங்கள். அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஷீட் போட மறக்காதீர்கள். கண்ணாடி வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். அட்டையை உப்பவைப்பது அந்தத் தண்ணீர்தான்.

இனி நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

கதவு தானாகத் திறந்துகொண்டது என்று போலீசில் சொன்னீர்கள். என்னிடமும் அதையே சொன்னீர்கள். அப்போது எனக்குக் கதவைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த எட்டு வருஷத்தில் எத்தனையோ கதவைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். பூட்டின் நாக்கு அரைகுறையாகப் பிடித்திருந்தால் கதவு ஆடும், சத்தம் போடும், காற்று உள்ளே வரும். தானாகத் திறக்காது. உள்ளேயிருந்து யாராவது விடுவித்தால்தான் திறக்கும்.

வண்டியில் நீங்கள் இரண்டு பேர்தான் இருந்தீர்கள். உங்கள் கை ஸ்டியரிங்கில் இருந்திருக்கும்.

அவரே திறந்தாரா? இதை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

சுருளியம்மாள்


வண்டன்மேடு
1 செப்டம்பர் 2024

சுருளி,

நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிட வேண்டும்.

ஆமாம், அவன்தான் திறந்தான். எதற்காகத் திறந்தான் என்பதைக் கடைசிவரை படி.

அன்றைக்கு மூணரைக்குக் கம்பத்தில் திருப்பூர் பஸ். நாங்கள் கிளம்பும்போதே நேரமாகிவிட்டது உனக்குத் தெரியும். புளியன்மலை தாண்டும்வரை கதவு லேசாகத் தடதடத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். "பஸ் ஏறுனதும் அவளுக்குப் போன் போடணும் மச்சான். இப்பப் போட்டா எடுக்க மாட்டா, கோவமா இருக்கா" என்று சொல்லிச் சிரித்தான். முதல் மாத லீவுக்கு வரும்போது உனக்கு ஒரு தையல் மிஷின் கொண்டுவருவதாகச் சொன்னான்.

கம்பம்மெட்டுத் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் கதவு நன்றாகவே ஆடியது.

"மச்சான், கதவு சரியாச் சாத்தல போல. கொஞ்சம் நிறுத்துங்க, அடிச்சுச் சாத்திக்கிறேன்" என்றான்.

"பஸ்ஸ விட்டுருவ மாப்ள. அந்தக் கம்பியப் புடிச்சு இழு, சாத்திக்கும்" என்றேன்.

இழுத்தான். நான் கட்டியிருந்த கம்பி, திருகோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. அதை என்னிடம் தூக்கிக் காட்டினான்.

"புடிக்க ஒண்ணுமே இல்லயே மச்சான். ஒரு நிமிசம் நிறுத்துங்களேன்."

"இந்த வளைவு தாண்டி நிறுத்துறேன்" என்றேன்.

அவன் பொறுக்கவில்லை. கதவை விடுவித்து ஒரு சாண் திறந்து, கண்ணாடி விளிம்பைப் பிடித்து இழுத்து அடிக்கப் பார்த்தான். அதற்குள் நான் வலப்பக்கம் ஒடித்துவிட்டேன். வேகத்தையும் குறைக்கவில்லை. கதவு அவனையும் இழுத்துக்கொண்டு போனது. நான் திரும்பிப் பார்த்தபோது சீட்டில் அந்தக் கம்பி மட்டும் கிடந்தது.

இரண்டு தடவை நிறுத்தச் சொன்னான், சுருளி. நான் நிறுத்தவில்லை. கதவு தானாகத் திறந்தது என்று சொன்னால், பிடியை மாற்றாத குற்றம் மட்டும் என்மேல் இருக்கும். உண்மையைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் பொய் சொன்னேன். ஒரு தடவை போலீசில் சொன்னதும் அதுவே நடந்ததாகிவிட்டது. பிறகு மாற்ற எனக்கு வாய் வரவில்லை.

நீ என்ன எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

ஈஸ்வரன்


கஞ்சிக்கோடு
19 அக்டோபர் 2024

அண்ணே,

இன்றைக்கு அவர் நாள். ஷிப்டுக்குப் போகவில்லை. உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஓணத்துக்குக் கம்பெனி மூடிய நாட்களில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

முதலில் உன்மேல் வந்த கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாததற்கு இல்லை. ரோட்டில் ஆயிரம் பேர் இப்படி அடுத்த வளைவு என்று சொல்லிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். பொய் சொன்னதற்குத்தான் கோபம். அந்தப் பொய் என்னை என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது.

அவர் வேலைக்குத் திருப்பூர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து சண்டை. கடைசியில் அவர் வண்டியில் உட்கார்ந்து, கதவை உள்ளேயிருந்து சாத்த முடியாமல் என்னைப் பார்த்தார். "சுருளி, வெளிய இருந்து சாத்திவிடேன்" என்றார். "போறவரு திரும்பி வராதீரு, அங்கயே கெடயும்" என்று சொல்லித்தான் சாத்தினேன். ஒரு கையால் தள்ளிவிட்டேன். முழுதாகச் சாத்தினால் இரண்டு தடவை 'டக்' என்று கேட்க வேண்டும், எனக்கு ஒன்றுதான் கேட்டது. கேட்டும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

சாவு வீட்டில் எல்லோரும் கதவையும் பிடியையும் உன்னையும் பேசினார்கள். நானும் பேசினேன். உன்மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இங்கே வந்து, தொழில் கற்றுக்கொண்டு, கதவு தானாகத் திறக்காது என்று தெரிந்த பிறகுதான் வேறு நினைப்பு வந்தது. நான் சொன்ன வார்த்தைக்காக அவரே திறந்துகொண்டு விழுந்திருப்பாரோ? யாரிடம் கேட்பேன்? உன்னிடம்தான் கேட்க வேண்டும், உன்னிடம் பேசுவதில்லை என்று நானே சத்தியம் செய்துவிட்டேன். எத்தனை வருஷம் அண்ணே! சோறு பிசையும்போது, பஸ்ஸில் கதவோரம் யாராவது நிற்பதைப் பார்க்கும்போது, இதே நினைப்பு.

கதவைச் சாத்தத்தான் திறந்தார். பஸ் ஏறியதும் போன் போடுவதாகச் சொன்னார். சிரித்தார். இதை நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் உன்னை வெட்டக்கூட வந்திருப்பேன். ஆனால் இந்த வருஷங்கள் இப்படிப் போயிருக்காது.

பார்சலில் நாலு பிடி இருக்கிறது. இடப்பக்கத்துக்கானதில் தனி அடையாளம் எதுவும் இல்லை. எது எதில் மாட்டினாலும் ஒன்றுதான்.

சுருளி


வண்டன்மேடு
10 நவம்பர் 2024

தாயி சுருளி,

நாலும் வந்தது. நீ சொன்னபடியே பட்டை வைத்து நட்டு வெல்டு அடித்தேன். வெல்டிங் கடைக்காரன் "எதுக்கு அண்ணே இவ்வளவு கனம், ஜீப்பையே தூக்கலாம் போல" என்றான். அடி என்றேன். அட்டையை வார்னிஷ் அடித்து நாலு நாள் அடுப்பு மேல் காயவைத்தேன். இங்கே வெயில் இல்லை. ரெக்சின் ஒட்டும்போது மட்டும் ஒரு மூலையில் சுருக்கம் விழுந்துவிட்டது. உன் கண்ணில் பட்டால் திட்டுவாய்.

இடப்பக்கக் கதவுப் பிடியை மாட்டியபின் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. உட்கார்ந்து, கதவைத் திறந்து, பிடியைப் பிடித்து இழுத்தேன். சாத்தியது. திறந்து மறுபடி இழுத்தேன். மழை வரும்வரை அதையே செய்துகொண்டிருந்தேன். கை வலித்தது. பிடி அசையவில்லை.

நீ சரியாகச் சாத்தவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும், சுருளி. புளியன்மலைவரை அந்தத் தடதடப்பைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினேன். கதவு ஆடுவது தெரிந்தால் ஓரம் கட்டிச் சாத்த வேண்டியது டிரைவர் வேலை. வாசலில் நின்று சாத்திவிட்டவள் வேலை இல்லை. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவன் சொல்கிறேன், இதையாவது நம்பு.

உன்னை இந்த நினைப்போடு தனியாக விட்டுவிட்டேன். அதற்கு எந்த மன்னிப்பும் கேட்க எனக்கு வாய் இல்லை.

அடுத்த வாரம் வண்டியை ஜின்சனிடம் கொண்டுபோய் விடுகிறேன்.

அண்ணன்


(கதவிடுக்கில் செருகிய காகிதம்)

20 நவம்பர் 2024, காலை 11 மணி

சுருளி,

நேற்றுக் குமுளிக்கு நானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டேன். ஜின்சன் சாவியை வாங்கிக்கொண்டு சாப்பிடச் சொன்னான், பசிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றேன். வண்டன்மேடு பஸ் இரண்டு வந்தும் ஏறவில்லை. அங்கே போய் என்ன செய்வது என்று இருந்தது. ஷெட்டுப் பக்கம் பார்க்கிற பழக்கம் வேறு. கீழே கம்பத்துக்கு இறங்கினேன், அங்கே கோயம்புத்தூர் பஸ் நின்றது. ஏறிவிட்டேன். முன்னால் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாயோ என்று பயம்.

உன் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆர்த்தி என்ற பெண், "ஏனுங்க, அக்கா ஷிப்டுக்குப் போயிருக்குதுங்க. ஊட்டுக்கு வர ரெண்டரை ஆகுமுங்க" என்றது. யார் என்று கேட்டது. உறவு என்று மட்டும் சொன்னேன். காகிதமும் பேனாவும் அதுதான் கொடுத்தது.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடையில் இருப்பேன். நாலு மணி பஸ் வரை இருக்கிறேன். நீ வர விருப்பப்படாவிட்டால் வர வேண்டாம். அதை நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஈஸ்வரன்


கஞ்சிக்கோடு
24 நவம்பர் 2024

அண்ணே,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய்.

உன் காகிதம் கிடைக்கவில்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன். ஷிப்ட் நீண்டுவிட்டது என்று எழுதலாம் என்றும் நினைத்தேன். பொய் நம் இரண்டு பேருக்கும் நல்லது செய்யவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டே முக்காலுக்குக் காகிதத்தைப் பார்த்தேன். முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். மூன்றேகால் இருக்கும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் சிமெண்ட் லாரி ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். நீ தெரிந்தாய்.

தலை முழுக்க வெளுத்துவிட்டது. யாரும் எழுதிச் சொல்லவில்லையே, எனக்கு எப்படித் தெரியும்? சட்டைக் கையில் கருப்பாக எண்ணெய். காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் எழுந்து நின்று, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாய். பஸ் போனதும் உட்கார்ந்தாய். நான் பஸ்ஸில் வருகிறவள் இல்லை, எனக்கு ஸ்கூட்டி இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி இறங்கியபோது இரண்டு அடி முன்னால்கூட வந்தாய். அவள் வேறு பக்கம் போனாள்.

ரோட்டைத் தாண்டி வர என் கால் எழவில்லை அண்ணே. கோபம் இல்லை, நம்பு. அவரைக் கடைசியாகப் பார்த்தது நீதான். உன் முன்னால் வந்து நின்றால் அதை உன் முகத்தில் பார்க்க வேண்டுமே என்று இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று நின்றேன். லாரிக்காரர் வந்து "அக்கா, வண்டிய எடுக்கணும்" என்றார். லாரி போனால் உனக்கு என்னைத் தெரிந்துவிடும் என்று மரத்தடிக்குப் போனேன். அப்புறம் உன் பஸ் வந்தது. நீ ஏறவில்லை. அது போய், அடுத்த பஸ்ஸில்தான் ஏறினாய். ஏறும்போதும் திரும்பி என் வீட்டுச் சந்துப் பக்கம் பார்த்தாய்.

நீ போன பிறகு கடைக்கு வந்து, நீ உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஆனந்தகுமார், "இங்க ஒரு பெரியவரு மதியம் பூரா காத்திருந்தாருங்க்கா. பாவம், ஆளு வரவே இல்லீங்க" என்று என்னிடமே சொன்னார். வீட்டுக்கு வந்து அழுதேன். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை.

அந்த மலை ரோட்டில் ஏறி உன் ஊருக்கு என்னால் வர முடியாது. இன்றைக்கு முடியாது, அடுத்த வருஷமும் முடியுமா தெரியவில்லை. நீதான் வர வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி மூன்று நாள் லீவு. டிசம்பர் 24ஆம் தேதி வா. கடையில் உட்காராதே, நேரே வீட்டுக்கு வா. முன்னறையில் அச்சுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். அதை எடுத்து ஷெட்டில் போட்டால் ஒரு கட்டில் கொள்ளும். லயத்து வீட்டை வருஷக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாயே, எங்கே போவதாக இருக்கிறாய்? அதை எழுதவே இல்லை.

வரும்போது சின்னப் பையோடு வராதே. துணிமணி எல்லாம் எடுத்துக்கொண்டு வா.

சுருளி